இல்லாத பிரேக்

போன வாரம் ‘டங்’ என்று ஒரு சத்தத்தோடு பிரிந்தோம். பயந்துவிடாதீர்கள், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அடிபட்டது புது வண்டியின் கதவும் மாஸ்டரின் மானமும்தான்.

இன்றைக்குத்தான் இந்த வீட்டுக்குள் நுழைகிறீர்கள் என்றால் இதை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். மாஸ்டர் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். அவரிடம் படிக்க வருகிற யாராக இருந்தாலும், சாவியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வசனத்தைக் கேட்டே ஆக வேண்டும். “நான் உக்காந்திருக்கற வண்டியில இதுவரைக்கும் ஒரு கீறல்கூட விழுந்ததில்ல.”

அவர் மனைவி வீட்டிலேயே கேக் செய்து விற்கிறவர். தெருவுக்கே அவர் கேக்கம்மா. ஊருக்கெல்லாம் ஓட்டக் கற்றுக்கொடுத்த மனிதருக்குக் கட்டின மனைவிக்குக் கற்றுக்கொடுக்க மட்டும் பொறுமை இல்லை. முதல் பாடம் தெருமுனையிலேயே சண்டையில் முடிந்தது. கேக்கம்மா சளைக்கிற ஆளா? மாஸ்டரிடமே தொழில் படித்துப் பிறகு தனி ஸ்கூல் வைத்துவிட்ட சின்ன மாஸ்டரிடம் போய், சத்தமில்லாமல் கற்றுக்கொண்டு, லைசென்ஸைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். அன்றைக்கு நடந்த ரகளையைப் பழைய வாசகர்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

நேற்று சாயங்காலம் மாஸ்டர் பக்கத்து சீட்டில் உட்கார்ந்திருக்க, கேக்கம்மா முதல் தடவையாக வண்டியை வீட்டு கேட்டுக்குள் திருப்பினார். டங். பக்கத்து சீட் கதவு தூணில் இடித்து உள்வாங்கிவிட்டது. மாஸ்டர் கியரைத் தாண்டி, ஸ்டியரிங்கைத் தாண்டி, டிரைவர் பக்கமாகத் தவழ்ந்து இறங்கி உள்ளே போய்விட்டார்.

காலையில் மெக்கானிக் வந்து கதவைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். அது அசைந்துகூடக் கொடுக்கவில்லை.

“பெரிய விஷயமில்ல மாஸ்டர். டிங்கர் வேலைதான். தட்டி எடுத்து, பட்டி பாத்து, பெயிண்ட் அடிச்சா புதுசு மாதிரி ஆயிடும். ஆமா, யாரு இடிச்சா?”

மாஸ்டர் தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார். “வண்டி சும்மா நின்னுட்டிருந்துச்சு. எவனோ வந்து இடிச்சுட்டுப் போயிட்டான்.”

மெக்கானிக் கேட் தூணைப் பார்த்தார். அதில் பளிச்சென்று மஞ்சள் தீற்றல். வண்டியும் மஞ்சள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார் என்று புரிந்திருக்கும், ஆனால் வேலை கொடுக்கிறவரிடம் அதையெல்லாம் கேட்பார்களா? “என்ன ஜனங்களோ!” என்று தலையை ஆட்டிவிட்டுக் கிளம்பினார்.

மாஸ்டர் போனை எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறினார். சிறிது நேரம் கழித்து இறங்கி வந்தபோது முகத்தில் ஒரு தெளிவு. விசில்கூட அடித்தார்.

ஆனால் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. ‘வண்டி சும்மா நின்னுட்டிருந்துச்சு’ என்று அவர் மெக்கானிக்கிடம் சொன்னது கேக்கம்மா காதில் விழுந்திருந்தது. பிடித்திருந்த கிரீம் பை நழுவி, இரண்டாவது அடுக்கில் போட்ட பூ கோணலாகப் போனது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இடித்ததைவிட, இடித்ததையே இல்லை என்று சொன்னதுதான் சுட்டது. நான் ஓட்டினேன் என்று வெளியில் சொல்லவே கூச்சமா இவருக்கு?

இதில் ஒரு விஷயம் இருக்கிறது. இன்றைக்கு மதியம் கேக்கம்மாவின் வாழ்க்கையிலேயே பெரிய ஆர்டர் போய்ச் சேர வேண்டும். ஏதோ ஒரு ஸ்கூல் திறப்பு விழாவுக்கு மூன்றடுக்கு கேக். இத்தனை வருஷமாக டெலிவரிக்கு மாஸ்டருக்கு எப்போது வகுப்பு முடியும், அடுத்த தெரு வேன்காரர் எப்போது வருவார் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தவர், இன்றைக்குத் தானே ஓட்டிக்கொண்டு போய் இறக்குவது என்று முடிவு செய்திருந்தார். அதற்காகத்தானே அந்த லைசென்ஸே!

அப்படிப்பட்டவர் இப்போது போனை எடுத்து வேன்காரரைக் கூப்பிட்டார். “மதியம் வர முடியுமா அண்ணே? இல்ல… நான் ஓட்டல. இனிமே ஓட்டறதா இல்ல.”

இதைக் கேட்டுக்கொண்டே உள்ளே வந்தாள் மகள். அவளுக்கு இன்றைக்கு விடுமுறை. வேலை ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில்; இவர்கள் வண்டிக்குக் கட்டுகிற கம்பெனி இல்லை, வேறு. வண்டி இடிபட்டவர்கள் கூப்பிட்டால் போனை எடுத்துப் பேசுகிற வேலை. ஊரில் உள்ள அத்தனை பேரின் பம்பர் கதையும் அவளுக்கு அத்துப்படி.

“என்னம்மா பேச்சு இது? இனிமே ஓட்ட மாட்டியா?”

“எனக்கு வராதுடி. விடு.”

“வராமத்தான் லைசென்ஸ் குடுத்தாங்களா? அப்பா! இங்க வாங்க. மூணு பேரும் உக்காந்து பேசியே ஆகணும்.”

மூவரும் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தார்கள். மாஸ்டர் முந்திக்கொண்டார்.

“இதுல பேச என்ன இருக்கு? இன்ஷூரன்ஸ் எதுக்குக் கட்டறோம்? க்ளெய்ம் போட்டுட வேண்டியதுதான். நின்ன வண்டியில எவனோ இடிச்சுட்டான், அவ்வளவுதான். கம்பெனியே அதை ஒத்துக்கிட்டா அப்புறம் எவன் என்ன பேச முடியும்?”

மகள் சிரித்துவிட்டாள். “அப்பா, நாள் பூரா நான் இந்தக் கதையைத்தான் கேக்கறேன். என் கணக்குப்படி இந்த ஊர்ல எவனுமே வண்டி ஓட்டறதில்ல. எல்லா வண்டியும் நின்னுட்டுத்தான் இருக்கு. எவனோ ஒருத்தன் மட்டும் ராத்திரி பகலா போய் எல்லாத்தையும் இடிச்சுட்டு வரான்.”

“அவங்கல்லாம் பொய் சொல்றாங்க.”

“நாம?”

மாஸ்டர் தண்ணீர் குடித்தார்.

“பொய்யை விடுங்க, கணக்கைப் பாருங்க,” என்றாள் மகள். “இந்த ரிப்பேர்ல ஒரு பங்கை எப்படியும் நம்ம கையிலிருந்துதான் போடணும், கம்பெனி அதைத் தராது. மிச்சத்தைத் தருவாங்க. ஆனா பழைய வண்டியிலேர்ந்து இத்தனை வருஷமா க்ளெய்ம் போடாம இருந்ததுக்கு நமக்குத் தள்ளுபடி இருக்கே, நோ க்ளெய்ம் போனஸ், அது போயிடும். அடுத்த வருஷத்துலேர்ந்து முழுசா கட்டணும். அவங்க தர்றதைவிட அது அதிகம்.”

“அப்ப போட்டா லாபமில்லயா?”

“சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்! தீப்பிடிச்சா போடுங்க, திருடு போனா போடுங்க. ஒரு கதவுக்குப் போடாதீங்க. அதுவும் பொய் சொல்லிப் போட்டு மாட்டிக்கிட்டோம்னு வைங்க, நாளைக்கு நிஜமா பெருசா ஏதாவது ஆனா எவனும் நம்ப மாட்டான். வேலியில போற ஓணானைப் புடிச்சு வேட்டிக்குள்ள விட்டுக்கற வேலை அது.”

மாஸ்டரின் முகம் லேசாக வெளிறியது. “ஒருவேளை… யாராவது போட்டுட்டாங்கன்னா? திரும்ப வாங்க முடியுமா?”

“யாரு போட்டா?”

“சும்மா பொதுவா கேட்டேன். நம்ம ஸ்டூடண்ட் ஒருத்தன்…”

மகள் புருவத்தை உயர்த்தினாள். அதற்குள் கேக்கம்மா பேசிவிட்டார். பேச வேண்டும் என்று காலையிலிருந்து தொண்டையில் நின்றது அது.

“க்ளெய்மு, போனஸு, எதுவோ பண்ணுங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாகணும். நான் எங்க தப்பு பண்ணேன்? சின்ன மாஸ்டர் சொன்ன மாதிரியேதான் திருப்பினேன். முன்பக்கம் சரியா உள்ள வந்துடுச்சு. என் பக்கத்துத் தூண் தள்ளியே இருந்துச்சு. அப்புறம் எப்படி இடிச்சுது? யோசிச்சு யோசிச்சு மண்டை வெடிக்குது. தப்பு எங்கன்னே தெரியாம நான் எப்படி மறுபடி சாவியைத் தொடுவேன்?”

கேட்டீர்களா? கதவு போனால் போகட்டும். இந்தப் பெண்ணுக்குத் தன் கையின்மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. அதை எந்தக் கம்பெனி திருப்பித் தரும்?

மகள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள். ஆபீஸ் குரல் தானாக வந்தது.

“சரி. நான் கேக்கறேன், பதில் மட்டும் சொல்லுங்க. அம்மா, அந்தப் பக்கத்துத் தூண் உன் கண்ணுக்குத் தெரிஞ்சுதா?”

“இல்ல. அப்பா மறைச்சுட்டு உக்காந்திருந்தார். கண்ணாடியில பாக்கலாம்னா அவர் முழங்கை.”

“அப்பா, உங்களுக்குத் தெரிஞ்சுதா?”

“எனக்கா? நல்லாத் தெரிஞ்சுது. என் கதவுக்கு நேராத்தானே வந்துச்சு.”

“தெரிஞ்சு என்ன சொன்னீங்க?”

“என்ன சொல்றது?”

“‘நிறுத்து’ன்னு சொன்னீங்களா? ‘தூணு’ன்னு கத்தினீங்களா?”

மாஸ்டர் யோசித்தார். நேர்மையாகத்தான் யோசித்தார். “இல்ல. சொல்ல எங்க நேரம்? சடார்னு பிரேக் புடிச்சேன்.”

மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

“எந்தப் பிரேக்கை?” என்றாள் மகள்.

மேஜைக்கு அடியில் மாஸ்டரின் வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. தூண் வந்ததைச் சொல்லும்போதே கால் தன்னால் போய் அழுத்திவிட்டது. மகள் குனிந்து பார்த்தாள். கேக்கம்மாவும் குனிந்து பார்த்தார். கடைசியில் மாஸ்டரே குனிந்து தன் காலை யாருடையதோ என்பதுபோலப் பார்த்தார்.

விஷயம் இதுதான். டிரைவிங் ஸ்கூல் வண்டியில் பக்கத்து சீட்டுக்குக் கீழேயும் ஒரு பிரேக் இருக்கும். படிக்க வருகிறவர் திணறினால் மாஸ்டர் வாயைத் திறக்க மாட்டார், காலை வைத்துவிடுவார். வண்டி நின்றுவிடும். தொழிலுக்கு வந்த நாளிலிருந்து அப்படித்தான். ஆனால் இது வீட்டு வண்டி. பக்கத்து சீட்டுக்குக் கீழே வெறும் மிதியடிதான். மனிதர் அந்த மிதியடியைத்தான் மிதித்துக்கொண்டு, வண்டி நிற்கும் என்று நம்பித் தூணைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறார்!

கேக்கம்மாவுக்கு முதலில் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மகள் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பிறகு, யாரும் எதிர்பார்க்காமல், கேக்கம்மாவுக்குக் கோபம் வந்தது. அப்பப்பா, என்ன கோபம்!

“அப்ப ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நின்னிருப்பேனே! வாயில என்ன கொழுக்கட்டையா? ராத்திரி பூரா எனக்குத்தான் வராது, எனக்குத்தான் லாயக்கில்லன்னு புரண்டு புரண்டு படுத்தேனே, அப்பவாவது சொல்லக் கூடாதா?”

“எனக்கே இப்பத்தானேம்மா தெரியுது. புடிச்சேன், வண்டி நிக்கல. நீதான் ஆக்ஸிலேட்டரை அழுத்திட்டேன்னு நெனச்சேன்.”

“நெனப்பீங்க! ஊருக்கு முன்னாடி வண்டி சும்மா நின்னுச்சுன்னும் சொல்வீங்க!”

மாஸ்டர் தலையைக் குனிந்துகொண்டார். “யானைக்கும் அடி சறுக்கும்…” என்று மெல்ல ஆரம்பித்தார்.

“யானை சறுக்கினா யானைதான்னு ஒத்துக்கும்,” என்றார் கேக்கம்மா. எழுந்து நின்றார். கண்ணில் ஒரு பளபளப்பு. நேற்றிலிருந்து காணாமல் போயிருந்தது அது. “சரி. இவ சொன்ன மாதிரி கம்பெனியில க்ளெய்ம் வேண்டாம். நான் உங்ககிட்டத்தான் க்ளெய்ம் பண்றேன்.”

“என்கிட்டயா?”

“உங்ககிட்டதான். இன்னிக்கு நான்தான் ஓட்டுவேன். நீங்க பின் சீட்ல உக்காரணும். மேல் அடுக்கு கேக்கை மடியில வச்சுக்கிட்டு வரணும். ஏதாவது கண்ணுல பட்டா வாயால சொல்லணும், காலால இல்ல. அப்புறம், இந்தக் கதவைப் பாத்து யாரு கேட்டாலும் உள்ளதை உள்ளபடி சொல்லணும்.”

“யாரு கேட்டாலுமா?”

“யாரு கேட்டாலும்!”

மகள் அதற்குள் வேன்காரருக்குப் போன் போட்டுவிட்டாள். “அண்ணே, வர வேண்டாம். எங்கம்மா ஓட்டறாங்க!”

கிளம்புகிற காட்சியைப் பார்க்கத் தெருவே எட்டிப் பார்த்தது. பக்கத்து சீட் கதவு திறக்காததால் மகள் டிரைவர் பக்கமாக ஏறி, கியரைத் தாண்டி, உருண்டு போய் உட்கார்ந்தாள். பெரிய அடுக்குகள் இரண்டும் டிக்கியில். மாஸ்டர் பின்னால், மடியில் அட்டைப்பெட்டி, இரண்டு கையாலும் அணைத்தபடி.

“உள்ள என்ன இருக்கு? ஏதோ வட்டமா இருக்கே,” என்று மூடியைத் தூக்கப் போனார்.

“தொட்டீங்க, நொறுங்கிடும்! சர்க்கரையில செஞ்சது. அங்க போய்ப் பாத்துக்கலாம்.”

“என்ன ஸ்கூலு அது?”

“கத்துக்குடுக்கற ஸ்கூலுதான்,” என்றார் கேக்கம்மா, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டே.

வண்டி கேட்டைத் தாண்டியது. தூண் நகர்ந்து நகர்ந்து பின்னால் போனது. மாஸ்டரின் முழங்கால் துடித்தது. “தூணு… தூணு இருக்கும்மா…”

“தெரியுது. நன்றி.”

தெரு முடிந்து பெரிய சாலை. ஆகா, அந்தச் சாலையில் கேக்கம்மா சேர்ந்த அழகை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வலது பார்த்து, இடது பார்த்து, இடைவெளி வந்ததும் வழுக்கிக்கொண்டு நுழைந்தார். மகள் விசிலடித்தாள். வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கியது கேக்குக்குத் தெரியவே இல்லை. சிக்னலில் பின்னால் ஒருவன் ஹாரனை அழுத்தினான். “அவசரம்னா பறந்து போப்பா,” என்றார் கேக்கம்மா, திரும்பிக்கூடப் பார்க்காமல்.

“பஸ்சு,” என்றார் மாஸ்டர். “பாத்துட்டேன்.” “சைக்கிளு.” “பாத்துட்டேங்க.” “அந்த ஆளு போன் பேசிட்டே…” “அவரையும்தான்.”

நேராகப் போய்க்கொண்டிருந்தபோது, ஒரு சந்திலிருந்து பின்பக்கமாகவே ஒரு லாரி வெளியே வந்தது. ஓட்டுகிறவர் திரும்பிப் பார்க்கவே இல்லை. மாஸ்டரின் கால் முன் சீட்டின் முதுகைப் போய் உதைத்தது. வாயைத் திறந்தார். சத்தம் வருவதற்குள் வண்டி நின்றிருந்தது. தூக்கிப் போடவில்லை, குலுங்கவில்லை. லாரிக்கும் இவர்களுக்கும் நடுவில் இன்னொரு வண்டி நிற்கிற அளவுக்கு இடம்.

மாஸ்டர் மடியிலிருந்த பெட்டியைச் சுற்றிலும் பார்த்தார். ஒரு கீறல் இல்லை.

“பயந்துட்டீங்களா?” என்றார் கேக்கம்மா, முன்னால் பார்த்தபடியே.

“இல்ல,” என்றார் மாஸ்டர். பிறகு ஒப்பந்தம் ஞாபகம் வந்தது. “ஆமா. ரொம்ப. ஆனா நீ… எனக்கு முன்னாடியே புடிச்சுட்டே.” கொஞ்ச தூரம் போனதும், யாரும் கேட்காமலே, “அருமையா ஓட்டற,” என்றார்.

அடுத்த வளைவில் கேக்கம்மா இண்டிகேட்டர் போட்ட தோரணை இருக்கிறதே! மகள் ஜன்னல் பக்கம் திரும்பி நமட்டுச் சிரிப்புச் சிரித்தாள்.

விழா நடக்கிற இடம் வந்தது. வாசலில் பலூன்கள், வரிசையாக நாற்காலிகள், நல்ல கூட்டம். மேலே ஒரு புதுப் பலகை. மாஸ்டர் கண்ணை இடுக்கிக்கொண்டு படித்தார். மறுபடியும் படித்தார்.

டிரைவிங் ஸ்கூல். சின்ன மாஸ்டரின் இரண்டாவது கிளை.

மாஸ்டர் மெல்லப் பெட்டியின் மூடியைத் தூக்கினார். உள்ளே, மேல் அடுக்கின் உச்சியில், சர்க்கரையில் வார்த்த அழகான ஸ்டியரிங் சக்கரம். தன் மடியில் வைத்து, மூச்சைப் பிடித்து, குழந்தையைப்போலக் காப்பாற்றிக் கொண்டுவந்திருக்கிறார், யாருக்கு? தன்னிடம் படித்துவிட்டுத் தனக்கே போட்டிக்கடை போட்டவனுக்கு!

“சொல்லியிருந்தா வந்திருப்பீங்களா?” என்றார் கேக்கம்மா மெதுவாக.

மாஸ்டர் கதவைத் திறந்து இறங்கிவிட்டார். திரும்பி நடந்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தார். அதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு சின்ன மாஸ்டரே ஓடி வந்தார். “மாஸ்டர்! நீங்களே வந்துட்டீங்களா! வாங்க வாங்க!” கையை நீட்டியவரின் கண், தொழில் பழக்கம், நேராக நசுங்கிய கதவுக்குப் போனது.

“அடடா, புது வண்டியாச்சே! யாரு மாஸ்டர் இடிச்சது?”

பின்னால் அவருடைய மாணவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர். எல்லாரும் கதவைப் பார்த்தார்கள். பிறகு டிரைவர் சீட்டில் இருந்த பெண்ணைப் பார்த்தார்கள். ஒருவன் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினான். கேக்கம்மா ஸ்டியரிங்கைப் பிடித்த கையை எடுக்கவில்லை. மாஸ்டரைப் பார்க்கவும் இல்லை.

மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார்.

“நான்தான்.”

“நீங்க ஓட்டினீங்களா?”

“இல்ல. ஓட்டினது அவங்க. சரியாத்தான் ஓட்டினாங்க. தூணு வர்றதைப் பாத்தவன் நான் ஒருத்தன்தான். வாயைத் திறந்து சொல்லாம, இல்லாத பிரேக்கைப் புடிச்சுட்டு உக்காந்திருந்தேன்.” கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். “இதையும் ஒரு பாடமா வச்சுக்கங்கப்பா.”

சிரிப்பு வெடித்தது. கேலிச் சிரிப்பு இல்லை, மனசு நிறைந்த சிரிப்பு. சின்ன மாஸ்டர் தன் வலது காலைத் தூக்கிக் காட்டி, “எனக்கும் இதே வியாதி மாஸ்டர்! பஸ்ல போனாக்கூட மிதிக்கறேன்!” என்றார். கேக்கம்மா இப்போதுதான் திரும்பிப் பார்த்தார். அந்த முகம் அப்படி மலர்ந்து மாஸ்டர் ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை. எத்தனையோ வருஷத்து வசனம் போச்சு, போகட்டும் என்று அவருக்கே தோன்றிவிட்டது.

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது.

மாஸ்டரின் போன்தான். ஆனால் புது வண்டியல்லவா, போனும் வண்டியும் இணைந்தே இருந்தன. மகள் அவசரமாக எட்டித் தவறான பொத்தானை அழுத்த, வண்டியின் ஸ்பீக்கர் வழியாகக் குரல் வாசல் முழுக்கக் கேட்டது.

“வணக்கம் சார், இன்ஷூரன்ஸ்லேர்ந்து சர்வேயர் பேசறேன். காலையில நீங்க க்ளெய்ம் பதிவு பண்ணீங்களே? நின்னுட்டிருந்த வண்டியில யாரோ இடிச்சுட்டாங்கன்னு?”

சிரிப்பு நின்றது. மகள் மெல்லத் திரும்பினாள். ‘நம்ம ஸ்டூடண்ட் ஒருத்தன்’ யார் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது.

“உங்க வீட்டு வாசல்லதான் நிக்கறேன் சார்,” என்றது குரல். “வண்டியைக் காணோம். ஆனா இங்க கேட் தூண்ல மஞ்சளா பெயிண்ட் ஒட்டிட்டிருக்கே… நீங்க சொன்ன வண்டியும் மஞ்சள்தானே? என்ன சார் நடந்துச்சு?”

மாஸ்டரின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது.

கேக்கம்மா ஜன்னல் வழியாக அந்தக் காலைப் பார்த்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்தார்.

“காலை எடுங்க,” என்றார். “வாயால சொல்லுங்க.”